காசு யாருடையது என்று முதலில் கேளுங்கள்: வெளிநாட்டுப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நிதி தேடுகிறவர்களுக்கு

"மிஸ், ஃபுல் ஸ்கொலர்ஷிப் ஏதும் இப்ப திறந்திருக்கா?" சனிக்கிழமைகளில் களுவாஞ்சிகுடியில் என் வீட்டு விறாந்தைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருவார்கள். வந்தாறுமூலை கம்பஸிலிருந்து வருவார்கள், ஒலுவிலிலிருந்து வருவார்கள், படித்து முடித்துப் பள்ளிக்கூடத்திலோ என்ஜிஓவிலோ வேலை செய்கிறவர்களும் வருவார்கள். நான் மண்ணியல் படிப்பிக்கிறவள். முதுமாணியை ஜேர்மனியிலும் கலாநிதிப் பட்டத்தை ஜப்பானிலும் அந்தந்த நாட்டுக் காசில் முடித்தேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு எண்ணம்.

திறந்திருப்பது எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தேடிப்பிடிக்க நான் தேவையில்லை, உங்கள் ஃபோனே போதும். நான் திருப்பிக் கேட்பது வேறு: அந்தக் காசு யாருடையது, அவர்கள் ஏன் அதை உங்களுக்குத் தர வேண்டும்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால், கையில் இருக்கும் இருபது பெயர்களில் உங்களுக்கானது இரண்டோ மூன்றோதான் என்பது தானாகத் தெளியும். அந்த இரண்டு மூன்றில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி இருபது இடத்துக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் முதல் சுற்றிலேயே நிற்பார்கள்.

காசுக்காரர்களின் விருப்பம்

சில நாடுகள் தங்களுக்கு நண்பர்களைத் தேடுகின்றன. பிரித்தானியாவின் செவனிங் அப்படி. 1983இல் தொடங்கியது, வெளியுறவு அமைச்சின் காசு. ஒரு வருட முதுமாணிக்கு எல்லாச் செலவும் கிடைக்கும். ஆனால் நீங்கள் எத்தனை ஏ எடுத்தீர்கள் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்தான். இன்னும் பத்து வருடத்தில் இந்த ஆள் இலங்கையில் எங்கே இருப்பார், யாரோடெல்லாம் தொடர்பில் இருப்பார் என்றுதான் பார்க்கிறார்கள். அதனால்தான் தலைமைத்துவம், தொடர்புகளை உருவாக்குதல், ஏன் பிரித்தானியாவில் படிக்க வேண்டும், எதிர்காலத் தொழில் என்று கட்டுரைகள் கேட்கிறார்கள். இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணித்தியாலம் வேண்டும். மூன்று பாடநெறிகளைத் தெரிவு செய்யவேண்டும். முடித்தபின் இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். பொதுவாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடிவிடும்.

அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டும் இதே வகைதான். இங்கே அதை நடத்துவது கொழும்பிலுள்ள அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு, 1952இல் இருந்து இயங்குகிறது. முதுமாணிக்குப் போகும் மாணவர்களுக்கும் உண்டு, ஆய்வுக்காகச் சில மாதங்கள் போய்வர விரும்பும் விரிவுரையாளர்களுக்கும் உண்டு. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போவதால் முடித்தபின் இரண்டு வருடம் ஊரில் இருக்கும் நிபந்தனை இதிலும் ஒட்டிக்கொண்டு வரும். அவுஸ்திரேலியா அவார்ட்ஸ் பெப்ரவரியில் திறந்து ஏப்ரல் கடைசியில் மூடும், அதிலும் இரண்டு வருட நிபந்தனை. வெளியே போய் அங்கேயே இருந்துவிடும் யோசனை உள்ளவர்கள் இந்த மூன்று பக்கமும் போகவேண்டாம். நேர்முகத் தேர்வில் அது முகத்திலேயே தெரிந்துவிடும், தெரியாமல் போனாலும் பின்னால் சங்கடம்.

ஜேர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் (DAAD) 1925இலிருந்து இருக்கிறது. அதில் எங்களைப் போன்ற நாடுகளுக்கென்று ஈபொஸ் (EPOS) என்ற பிரிவு உண்டு. விவசாயம், நீர், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம், பொருளியல் போன்ற துறைகளில் முதுமாணிப் படிப்புகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு வேண்டியது ஊருக்குத் திரும்பிப்போய் வேலையில் பயன்படுத்தும் ஆள். ஆகவே இரண்டு வருடத் தொழில் அனுபவம் கேட்பார்கள், கடைசிப் பட்டம் எடுத்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் எங்கள் ஆட்கள் விழுகிறார்கள். பட்டம் முடித்து, அரச வேலைக்குக் காத்திருந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் யோசிக்கத் தொடங்கும்போது ஆறு வருடம் போய்விடும். பெண் பிள்ளைகளுக்கு இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் வேறு மாதிரி. அங்கே உங்களைத் தெரிவு செய்வது அந்தப் பாடநெறியை நடத்தும் பல்கலைக்கழகங்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள். மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம், கட்டணம் இல்லை. பெரும்பாலானவை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் எடுக்கும். வேலை அனுபவம் இல்லாமல், இப்போதுதான் பட்டம் முடித்த நல்ல பெறுபேறுள்ள பிள்ளைக்கு என் முதல் சிபாரிசு இதுதான். பாடநெறிப் பட்டியலைத் திறந்து கடல்சார் வளம், உணவுப் பாதுகாப்பு, வெள்ள அபாயம், இசை, குடிபெயர்வு என்று உங்கள் துறையைத் தேடுங்கள். நினைக்காத துறைக்கெல்லாம் பாடநெறி இருக்கும்.

ஜப்பான் கல்வி அமைச்சின் புலமைப்பரிசிலான மெக்ஸ்டுக்கு (MEXT) வேண்டியது ஆய்வாளர். 35 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு கதவு உண்டு: தூதரகம் வழியாகப் போவது, பல்கலைக்கழகம் வழியாகப் போவது. தூதரக வழி ஏப்ரல் அளவில் தொடங்கும். கொழும்பில் எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் இருக்கும். மாதக் கொடுப்பனவு ஆய்வு மாணவருக்கு 143,000 யென்னில் தொடங்குகிறது. விமானச் சீட்டும் அவர்களே தருவார்கள். கொரிய அரசின் புலமைப்பரிசிலான ஜிகேஎஸ் (GKS), துருக்கியின் புலமைப்பரிசில் இரண்டிலும் முதல் வருடம் அந்த நாட்டு மொழி படிக்க வேண்டிவரும். அதைத் தலையிடி என்று நினைக்கிறவர்கள் போகவேண்டாம். ஆசையோடு படிக்கிறவர்களுக்கு அது பெரிய சொத்து. துருக்கி ஜனவரி 10இல் திறந்து பெப்ரவரி 20இல் மூடுவது வழக்கம். காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவை எங்கள் பிள்ளைகள் குறைத்து எடைபோடுகிறார்கள். இளமாணிக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி என்று இலங்கையருக்கென்றே தனித்தனியாக உண்டு. புதுடில்லியில் 2010இல் தொடங்கிய தென்னாசியப் பல்கலைக்கழகம் சார்க் நாட்டு மாணவர்களுக்காகவே உள்ளது. விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் செய்ய இத்தாலியின் ட்ரியெஸ்டிலுள்ள ட்வாஸ் (TWAS) என்ற உலக விஞ்ஞானக் கழகமானது இந்தியா, சீனா போன்ற நாட்டு ஆய்வுகூடங்களோடு சேர்ந்து இடம் தருகிறது. அதை 1983இல் தொடங்கியவர் நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாம்.

கடைசி வகை, பேராசிரியரின் கையிலுள்ள காசு. என் கணக்கில் கலாநிதிப் பட்டத்துக்கு இதுதான் மிகப் பெரிய கதவு, ஆனால் ஸ்கொலர்ஷிப் என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் இது வரவே வராது. சுவீடன், நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் கலாநிதி மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். பத்திரிகையில் வேலைக்கு விளம்பரம் வருவதுபோல் அந்த இடத்துக்கும் விளம்பரம் வரும், ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்ஸெஸ் (EURAXESS) தளத்தில் பார்க்கலாம். அமெரிக்காவிலும் அப்படித்தான்: படிப்பிப்பதற்கோ ஆய்வுக்கோ உதவியாளராக எடுத்துக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு மாதச் செலவும் தருவார்கள். அதற்குத் தனி விண்ணப்பம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே சேர்த்துக் கேட்க வேண்டும்.

நன்றிப் பக்கத்தை வாசியுங்கள்

நிதி தேடுவதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் தலைப்பில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் நாலைந்தை எடுங்கள். முடிவுரைக்குக் கீழே, உசாத்துணைக்கு மேலே, சின்ன எழுத்தில் நன்றி என்று ஒரு பகுதி இருக்கும். யாருடைய காசில் இந்த ஆய்வு நடந்தது என்று அங்கே எழுதியிருப்பார்கள், பல வேளைகளில் மானிய இலக்கத்தோடு. அந்தப் பெயர்களைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைப்புக்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள்.

கலைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். "எங்கட ஊரப் பத்தி வெளிநாட்டில் யாருக்கு அக்கறை?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் வந்திருந்து தமிழர், முஸ்லிம்களின் தாய்வழிக் குடிமுறையைப் படித்தது 1960களின் கடைசியில். மண்டூர் கோயிலைப் பற்றி மார்க் விட்டேக்கர் ஆய்வு செய்தது 1980களில். குடி வழமை, கண்ணகி சடங்கு, வடமோடி, தென்மோடிக் கூத்து எல்லாம் உங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய சங்கதிகள். அவற்றைப் படிக்க ஆட்கள் கடல் தாண்டி வந்தார்கள், அவர்களுக்கு யாரோ காசும் கொடுத்தார்கள். அதே சங்கதியை அம்மம்மாவின் வாயாலேயே கேட்டு வளர்ந்த நீங்கள் எழுதினால் இன்னும் நன்றாக இருக்காதா? ஜேர்மனியில் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய நிறுவனம், லண்டனில் சோவாஸ், கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம், இந்த மூன்றிலும் யார் யார் என்ன படிக்கிறார்கள் என்று பார்த்துத் தொடங்குங்கள்.

விசா எடுக்காமலே கிடைக்கும் காசும் உண்டு. பிரித்தானிய நூலகம் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை மின்வடிவாக்க உலகமெங்கும் மானியம் கொடுக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வீடுகளில் பெட்டிக்குள் கிடந்து செல்லரிக்கும் கூத்துக் கொப்பிகளையும் ஏடுகளையும் நினைத்தால் எனக்கு அந்த மானியம்தான் முதலில் ஞாபகம் வரும். தனி ஆளாகக் கேட்பதைவிட ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பித்தால் வேலை நடக்கும்.

பேராசிரியருக்கு எழுதும் முதல் மடல்

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளின் மடல் "ரெஸ்பெக்டட் சேர்" என்று தொடங்கும். அப்புறம் உங்கள் மேன்மைமிகு ஆய்வுகளால் கவரப்பட்டேன் என்று ஒரு வரி. பிறகு உயர்தரம் எந்தப் பாடசாலை, எந்த மாவட்டத்தில் எத்தனையாவது இடம். கடைசியில் எனக்கு நிதியோடு ஒரு இடம் தாருங்கள். இந்த மடல் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடமிருந்து வரும் என்று யோசியுங்கள். எந்தப் பேராசிரியரின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற மடலுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை.

ஒரு மாணவியோடு இருந்து திருத்திய மடலின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"கரையோர நெல்வயல்களில் உப்பு நகர்வது பற்றி உங்கள் குழு எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் கடல்நீர் நிலத்தடியால் ஏறுவதாகக் கொண்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு வாவியோரத்தில் ஆற்றுவாய் திறந்திருக்கும் காலத்தில் உப்புநீர் வாய்க்கால் வழியே மேற்பரப்பாலும் வருகிறது. எனது இறுதியாண்டு ஆய்வுக்காகப் பெரும்போகத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மண் மாதிரிகளின் மின்கடத்துதிறன் அளவுகள் என்னிடம் உள்ளன. இந்த இரண்டு வழிகளையும் பிரித்துப் பார்க்க உங்கள் மாதிரியுரு உதவுமா என்று அறிய விரும்புகிறேன். வரும் ஏப்ரலில் மெக்ஸ்ட் தூதரகப் பரிந்துரைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அடுத்த ஆண்டு புதிய மாணவர் எடுக்கும் எண்ணம் உங்களுக்கு உண்டா?"

அவ்வளவுதான். முதல் வரியிலேயே, கட்டுரையை உண்மையாகப் படித்த ஆள் என்று தெரிகிறது. அடுத்து, அவர் பார்த்திராத ஒன்று உங்கள் ஊரில் நடக்கிறது என்று சொல்கிறீர்கள். பாலமீன்மடுப் பக்கம் மாரியில் வெள்ளம் ஏறினால் ஆற்றுவாயை வெட்டிவிடச் சொல்லி ஊரே நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளைக்கு அது ஒரு செய்தியே இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் ஒரு நீரியலாளருக்கு அது தங்கம். பிறகு கையில் தரவு இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் காசைத் தேடிக்கொள்ளும் வழியையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள், அவர் பயப்படத் தேவையில்லை. கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுதலாம்.

பொருள் வரியைக் காலியாக விடாதீர்கள். ஒரு பக்கத்தில் உங்கள் விபரக் கோவையைப் பிடிஎஃபாக இணையுங்கள். அதில் தேசிய அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமணமானவரா என்பதெல்லாம் வேண்டாம், இங்கே வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தின் பழக்கம் அது. இரண்டு வாரம் பார்த்து ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். மறுபடியும் பதில் இல்லாவிட்டால் அடுத்த ஆளிடம் போங்கள். ஒரே துறையில் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே மடலை அனுப்பாதீர்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

பெயர்

கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பம் அதிகம் சிக்கும் இடம் சொந்தப் பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். உயர்தரச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதமான ஆங்கில எழுத்தில், பட்டச் சான்றிதழில் இன்னொரு விதம், கடவுச்சீட்டில் கடைசியில் ஒரு எச் கூட. தங்கராசா மதிவதனி என்று ஒரு பிள்ளை இருந்தால், வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தங்கராசா போகும், மறுகா எல்லா மடலும் "அன்புள்ள தங்கராசா" என்று அப்பாவுக்கே வரும். அதைச் சகித்துக்கொள்ளலாம். ஒரு படிவத்தில் அப்படியும் இன்னொன்றில் தலைகீழாகவும் எழுதினால்தான் பிரச்சினை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் மூன்று நான்கு முதலெழுத்துகள் ஒரு சான்றிதழில் விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும் இருக்கும்.

ஆகவே முதல் வேலை கடவுச்சீட்டு. அதில் உள்ள எழுத்துகளையே இனி எல்லாப் படிவத்திலும் அச்சுப் பிசகாமல் எழுதுங்கள். பழைய சான்றிதழ்கள் ஒத்துவராவிட்டால், இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். எழுத்துப் பிழை பெரிதாக இருந்தால் பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன்பே பதிவாளர் கிளையில் திருத்தக் கேளுங்கள், பின்னால் திருத்துவது பெரும்பாடு. பிறப்புச் சான்றிதழை சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் விருப்பப்படி மூன்றாவது ஒரு எழுத்துக்கூட்டலைக் கொண்டுவருவார்.

பாடவாரிப் பெறுபேற்றுப் பத்திரமான ட்ரான்ஸ்கிரிப்ட் எடுக்கும்போது முத்திரையிட்ட உறையில் இரண்டு மூன்று பிரதி சேர்த்து எடுங்கள். எங்கள் வகுப்புப் பிரிப்பு வெளியில் உள்ளவர்களுக்கு விளங்காது. 3.70க்கு மேல் முதல் வகுப்பு, 3.30க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேல்பிரிவு என்று புள்ளித் திட்டத்தை விளக்கும் பக்கம் அதோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3.4 என்றால் குறைவு என்று எங்கோ ஒருவர் நினைத்துவிடக் கூடாது. பொதுப் பட்டம் மூன்று வருடம் என்பதால் மனம் தளர வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல நான்கு வருடம் கேட்கும், ஐரோப்பாவில் மூன்று வருடப் பட்டத்தோடு முதுமாணிக்கு எடுக்கும் இடங்கள் நிறைய உண்டு.

ஆங்கிலம்

விஞ்ஞானம், விவசாயம் படித்தவர்கள் ஆங்கில மொழிமூலம் படித்ததாகப் பதிவாளரிடம் ஒரு கடிதம் எடுத்தால் சில இடங்களில் அதுவே போதும். தமிழில் படித்த கலைப் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் உதவாது, ஐஈஎல்டிஎஸ் எழுதத்தான் வேண்டும். பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லும் என்பதால் மிக முன்பே எழுதிவைப்பதும் வீண்செலவு. விண்ணப்பிக்கும் வருடத்தின் நடுப்பகுதியில் எழுதினால் சரி. கட்டணம் லேசான தொகை இல்லை. மாதிரிப் பரீட்சைகளைக் கடிகாரம் வைத்துச் செய்து, தேவையான புள்ளி தொடர்ந்து வருகிறது என்று தெரிந்தபிறகு காசைக் கட்டுங்கள்.

சிபாரிசுக் கடிதம்

"நீயே எழுதிக்கொண்டு வா மகள், நான் கையெழுத்து வைக்கிறேன்." இந்த வாசகத்தைக் கேட்காத மாணவர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார். இது நல்ல பழக்கமில்லை என்று ஆசிரியர்களாகிய எங்களுக்கும் தெரியும், நேரமில்லை என்பதுதான் சாட்டு. இரண்டு சிபாரிசும் ஒரே நடையில், ஒரே சொற்களில் இருந்தால் வாசிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. கடிதத்தை எழுதாதீர்கள், குறிப்பை எழுதிக் கொடுங்கள். எந்தப் பாடம் உங்களிடம் படித்தேன், எந்த ஆய்வில் என்ன செய்தேன், எந்தப் புலமைப்பரிசில், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், முடிவுத் திகதி என்ன, எல்லாம் ஒரே பக்கத்தில். ஆசிரியருக்கு அது அரை மணித்தியால வேலையாகச் சுருங்கும், கடிதம் அவருடைய குரலில் வரும்.

இப்போது பல இடங்கள் கடிதத்தை உங்களிடம் கேட்பதில்லை, ஆசிரியருக்கே ஒரு இணைப்பு அனுப்புகின்றன. அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுங்கள். ஜிமெயில் முகவரியைச் சில இடங்கள் ஏற்பதில்லை. முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு, ஒரு வாரம் இருக்கும்போது ஞாபகப்படுத்துங்கள். மடல் ஸ்பாமுக்குள் போயிருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பதவியிலுள்ளவரின் இரண்டு வரியைவிட உங்களை ஆய்வுகூடத்தில் பார்த்த இளம் விரிவுரையாளரின் ஒரு பக்கம் பெறுமதி. அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர் கடிதங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சின்னப் பயணங்கள்

பட்டத்துக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. இந்தியாவின் ஐடெக் திட்டம் 1964இலிருந்து நடக்கிறது. வேலையிலிருப்பவர்களுக்குச் சில வாரப் பயிற்சி, விமானச் செலவும் அவர்களுடையது. ஆய்வு மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கும் குறுகிய ஆய்வுகூடப் பயிற்சிக்கும் எங்கள் தேசிய விஞ்ஞான மன்றம் உதவி தருகிறது. மாநாட்டு அமைப்பாளர்களிடமும் கேளுங்கள். வளரும் நாட்டவருக்குக் கட்டணக் கழிவும் பயண உதவியும் ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து தர மாட்டார்கள். ஆனால் உலகின் எல்லாத் துறைக்கும் ஒரே மண்டபத்தில் மாநாடு நடத்தி, கட்டுரைச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டோம், காசு கட்டுங்கள் என்று மடல் அனுப்புகிறவர்களிடம் அகப்படாதீர்கள்.

கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கு ஐரோப்பாவின் மேரி கியூரி நிதி நல்ல வழி. பட்டம் எடுத்தபின் ஆய்வு அனுபவம் எட்டு வருடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, செப்டெம்பரில் மூடும். அங்குள்ள ஒரு பேராசிரியரோடு சேர்ந்து எழுத வேண்டியது என்பதால் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு பேசத் தொடங்கிவிடுங்கள்.

நகரில் "வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பெற்றுத் தரப்படும்" என்று பலகை தொங்கும் இடங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். செவனிங், எராஸ்மஸ் முண்டுஸ், மெக்ஸ்ட் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்கும்தான், அதையும் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்கவேண்டிய இடம் இதில் எங்கேயும் இல்லை.

பிணை

அரச வேலையிலும் பல்கலைக்கழகத்திலும் இருப்பவர்கள் சம்பளத்தோடு படிப்பு லீவு எடுத்தால் பிணைமுறி எழுத வேண்டும். திரும்பிவந்து இத்தனை வருடம் வேலை செய்வேன், செய்யாவிட்டால் இவ்வளவு தொகை கட்டுவேன் என்று. இரண்டு பேர் பிணையாளிகளாகக் கையெழுத்து வைக்க வேண்டும். வெளிநாட்டில் நின்றுவிட்டவருக்காகப் பிணை நின்ற சக ஆசிரியர் சம்பளத்திலிருந்து மாதம் மாதம் கட்டியதை இந்த மாவட்டத்தில் கண்ணால் கண்டவள் நான். அதனால்தான் இப்போது யாரும் லேசில் கையெழுத்து வைப்பதில்லை. தெரிவான கடிதம் வந்தபிறகு பிணையாளி தேடி அலையாமல், விண்ணப்பிக்கும்போதே யார் யார் என்று பேசி வையுங்கள். தொகை எவ்வளவு, எத்தனை வருடம், பட்டம் முடியாமல் திரும்பினால் என்ன ஆகும் என்பதை நிருவாகக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புலமைப்பரிசில் மூன்று வருடத்துக்கு வரும், ஆய்வு நாலாவது வருடத்துக்கு இழுபடும். அந்த நாலாவது வருடத்து லீவு எப்படி என்பதும் முதலிலேயே கேட்கவேண்டிய கேள்வி.

கூப்பிட்டால்

நேர்முகம் கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு என்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் முறுகி இறங்கி, கோட்டை ஸ்டேஷனில் முகம் கழுவிக்கொண்டு நேரே போய் உட்காருகிறவர் வெள்ளவத்தையிலிருந்து வருகிறவரோடு போட்டி போட முடியாது. இணையத்தில் நேர்முகம் என்றால் கரண்ட் போகும் என்றே வைத்து ஆயத்தப்படுங்கள்: லெப்டொப் முழுச் சார்ஜ், ஃபோனில் டேட்டா, பக்கத்தில் அமைப்பாளரின் தொலைபேசி எண். "உங்கள் ஊருக்கு இந்தப் படிப்பு என்ன செய்யும்?" என்று நிச்சயம் கேட்பார்கள். நாட்டுக்குச் சேவை செய்வேன் என்ற பதிலை அவர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில், எந்த வேலையில், யாரோடு என்று சொல்லுங்கள்.

தெரிவானதும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, காசு எப்போது கையில் வரும் என்பது. மெக்ஸ்டில் விமானச் சீட்டு அவர்களுடையது, ஆனால் முதல் கொடுப்பனவு வரும்வரை சமாளிக்கக் கொஞ்சம் காசு கையோடு கொண்டுவரச் சொல்வார்கள். எராஸ்மஸ் முண்டுஸில் அந்த 1,400 யூரோவுக்குள்ளேயே பயணம், விசா எல்லாம் அடக்கம், தனியாக விமானக் காசு இல்லை. முதல் கொடுப்பனவு நீங்கள் அங்கே போய் வங்கிக் கணக்குத் திறந்தபிறகுதான் வரும். அதற்கிடையில் அறைக்கு முற்பணம் கேட்பார்கள். ஜேர்மனியில் அது மூன்று மாத வாடகை வரைக்கும் போகலாம். இங்கே பிள்ளைகள் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் அந்த முதல் மாதத்தைச் சமாளிக்கிறார்கள். அடகுக் கடைக்குப் போகும் முன் பாடநெறி இணைப்பாளருக்கு ஒரு மடல் போட்டு, முதல் தவணை எந்தத் திகதியில் வரும், முற்பணமாக ஏதும் தர முடியுமா, மாணவர் விடுதியில் இடம் உண்டா என்று மூன்று கேள்வியையும் கேளுங்கள். பதிலை அச்செடுத்து விசாக் கோவைக்குள்ளேயே வையுங்கள், விசா அதிகாரிக்கும் அது தேவைப்படும்.